காய்ச்சல் மறக்கடித்த பிள்ளை

ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருப்பது நல்லது என்பார்கள். எனக்கு அப்படியில்லை. ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார் திரும்பும்வரை, எந்தத் தொட்டிலில் எது சிணுங்கினாலும் யார் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். நான் பெற்றவை எதுவும் தங்கவில்லை. காதாவது நிறையட்டுமே.

மலாயாவின் செடெனாக் தோட்டத்தில் அந்த வருஷம் மலேரியா, கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதியைக் காலி செய்தது. காளியப்பன் போனான். அவன் மனைவி புஷ்பவள்ளி பிழைத்தாள். கண் விழித்ததும் தன் பெயரையே என்னிடம்தான் கேட்டாள். அவள் கைக்குழந்தை சபாபதி அப்போது என் மடியில் கிடந்தான்.

"காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு ஆயா," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மரியநாதன். "பழசு அழிஞ்சிபோச்சு. இனிமே நாம சொல்றதைத்தான் அந்த மூளை நெசம்னு புடிச்சுக்கும். பாத்துப் பேசுங்க."

பார்த்துத்தான் பேசினேன்.

மிஞ்சியவர்களைப் பல தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நாங்கள் மூவரும் காஹாங் பக்கம் போனோம். அங்கே எங்களைத் தெரிந்தவர் எவருமில்லை.

"புள்ள யாருது?" என்றார் புதுக் கங்காணி.

"என்னுது. இவ என் தங்கச்சி."

புஷ்பவள்ளியும் பணிவாகத் தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு அது நடந்ததுதான்.

ஒரு காலை பிள்ளை பசித்து அழுதான். அவள் ரவிக்கை நனைந்தது.

"அக்கா, இதென்னக்கா? எனக்குத்தான் புள்ளையே இல்லையே?"

"காய்ச்சல் நீரு. உடம்பு வெளிய தள்ளுது."

மூளை மறந்ததை மார் வைத்திருக்கும் என்று டிரெசர் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்ற மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். எனக்கும் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கிராமமான கம்பத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் பூ வாங்கிவந்து, இறுக்கிக் கட்டினேன்.

"கொண்டையில வெக்கிற பூவ இங்க கட்டுறீங்களே, உங்களுக்கும் மண்டையில காய்ச்சலா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. அது ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. பூ வாட வாட மாற்றினேன். வற்றிவிட்டது.

ஆமாம், பிள்ளை உயிரோடிருக்கும்போதே அவளுக்குத் துக்கப் பூ கட்டியது நான்தான். ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது சபாபதி நன்றாகப் பேசுகிறான். அவன் கூப்பிட்டால் போதும், அவள் அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு ஓடிவருவாள்.

அவளைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கியிருக்கிறேன். பெற்றவளாயிற்றே, அந்த முறையாவது இருக்கட்டும் என்று.