சளி டப்பா

— அந்த டம்ளரைத் தொட்டுப்போடாதீங்க, இனியா அம்மணி. என்ர மருமவ வாய் வெச்சது. நேத்து காப்பி குடிச்சுப்போட்டு வெச்சா, இன்னும் நான் கிட்டப் போகல.

— டம்ளர்ல எல்லாம் டிபி ஒட்டாதுங்க, நாச்சியம்மா. இருமறப்ப காத்துல வர்றதுதான். நவ்யா எங்கீங்க? மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு, ஆஸ்பத்திரியில இருந்து பார்த்துப்போட்டு வரச் சொன்னாங்க.

— எங்க இருப்பா? கெணத்து மேட்டு மோட்டார் ரூம்லதான். ஊட்டுக்குள்ள உடுவனாக்கும்? அவ இருமற சத்தம் கேட்டாலே எனக்குக் கொமட்டுது. கருமம்.

— ஒரு மாசமாவா? கிரீஸ் நாத்தத்துல, எலிப் புழுக்கையிலயா? உங்க பையன் ஒன்னும் கேக்கலீங்களா?

— கிருபா பெருந்துறைக் கம்பெனிக்குப் போனா பொழுது எறங்கித்தான் வருவான். நாந்தான் சோத்துத் தட்டை வெளக்குமாத்துக் கட்டையில தள்ளி உடறேன்.

— கேக்கவே அருவருப்பா இருக்குதுங்க. நோயைச் சொல்லல நான்.

— உங்களுக்கென்னங்க, ஸ்கூட்டியில வந்துபோட்டுப் போயிருவீங்க. நான் பார்த்தவ. எங்கப்பனுக்கு இதே சீக்கு. எனக்கு அப்பப் பதினாறு வயசு. களத்து ஓரமாக் கட்டிலைப் போட்டு உட்டுட்டாங்க. செரட்டையில ரத்தமும் கோழையுமாத் துப்புவாரு, ஈ மொய்க்கும். தண்ணி தண்ணின்னு கூப்புடுவாரு. நான் காது கேக்காத மாதிரி நிப்பேன். செத்தப்பறம் தூக்கறதுக்கு ஆளு வரலீங்க அம்மணி. சொந்தத் தம்பியே மூக்கைப் பொத்திட்டு நின்னான்.

— அப்பவே உங்களுக்குள்ளயும் கிருமி போயிருக்குமுங்க. அதுக்குத்தான் எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்னேன். நீங்க மூணு தடவை டிமிக்கி குடுத்துட்டீங்க.

— நாப்பது வருசமாச்சுங்களே, இன்னுமா?

— நாப்பது வருசமெல்லாம் அதுக்கு ஒன்னுமில்லீங்க. கிருமி நெஞ்சுக்குள்ள எறங்குனதும் ரத்தத்துல இருக்கற வெள்ளையணுங்க ஓடி வந்து முழுங்கும். இந்தக் கிருமி அதுக்கும் செரிக்காது. அதனால அணுக்களே ஒன்னோடொன்னு ஒட்டிச் சுத்தியும் செவுராட்டம் நின்னு, உள்ளுக்குள்ள அடைச்சுப்போடும். முக்காவாசிப் பேருக்கு ஆயுசு பூரா அப்படியே கெடக்கும். ஆளு நல்லாவே இருப்பாங்க.

— செவுரு இடிஞ்சுபோனா?

— ஒடம்பு தளர்ந்தா இடியுமுங்க. சோறு பத்தாட்டி, சக்கரை ஏறிப்போனா. உள்ள திரிஞ்ச பாலாட்டம் அழுகி, சளியோட வெளிய வரும்.

— சக்கரை எவ்வளவு ஏறுனா இடியுமுங்க?

— உங்களுக்கு எவ்வளவு இருக்குதுங்க?

— அதை உடுங்க. ஏய் நவ்யா, அங்கயே நில்லு. படியேறாதே.

— ஏறலீங்க அத்தை. இனியாக்கா பேசற சத்தம் கேட்டுதுங்க, அதான் வந்தேன்.

— வா கண்ணு. மாத்திரை ஒழுங்கா முழுங்கறயா? ஒன்னுக்குச் செவப்பாப் போகுதா?

— இல்லீங்கக்கா. எப்பவும் போலத்தான் போகுது.

— அப்ப நீ முழுங்கறதில்ல. அந்த மாத்திரை உள்ள போச்சுன்னா அன்னைக்கே ஆரஞ்சுக் கலர்ல போகும். வாயில வெச்சுத் துப்பிப்போடறயா? எல்லாருக்கும் ஒட்ட வெக்கணுமா உனக்கு?

— பார்த்துக்குங்க அம்மணி. இந்த வெள்ளிக்கெழமை இவளைப் பொள்ளாச்சிக்கு, அவங்கம்மா ஊட்டுக்கே பஸ் ஏத்தி உட்டர்றேன். கிருபாகிட்டயும் சொல்லிப்போட்டேன்.

— அத்தை கண்ணு முன்னாலதானுங்கக்கா முழுங்கறேன். தெனம் ரெண்டு. அவங்க பாக்காம நகர மாட்டாங்க. நீங்களே கேளுங்க. அந்த வெள்ளை மாத்திரைதானுங்களே?

— வெள்ளையா? நான் குடுத்தது செங்கல் கலர்ல இருக்கும். நாச்சியம்மா, மாத்திரை அட்டைங்க எங்கீங்க?

— இந்தாங்க. எல்லாம் காலியாகிப்போச்சு.

— நவ்யா, நான் சளி டெஸ்ட்டுக்கு டப்பா குடுத்தன்னைக்கு, சளி எப்படி வந்துச்சு?

— எனக்குச் சளியே வரலீங்கக்கா. நான் வேலைக்குப் போன மில்லுல பஞ்சுத் தூசி ஏறி வந்த வறட்டு இருமல் அது. வெறும் எச்சியத்தான் துப்பி வெச்சேன். அத்தைதான் ‘நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குடுத்தர்றேன்’னு வாங்கிட்டுப் போனாங்க.

— லேபுக்கு வந்தது எச்சில் இல்ல கண்ணு. பச்சையா, ரத்தக் கோடு ஓடுன கோழை. மூடியத் தொறந்துபோட்டு லேப்காரரே மூஞ்சியைத் திருப்பிட்டாரு. நாச்சியம்மா, இங்க பாருங்க. தரையைப் பாக்காதீங்க. அத்தனை மாத்திரையும் எங்க போச்சு?

— வீணாக்கலீங்க அம்மணி. இவளுக்குக் குடுத்தது வெறும் சத்து மாத்திரைங்க. வேளை தவறாமச் சாப்புட்டாச்சு.

— ஆரு சாப்புட்டது?

— டப்பாவுல ஆரு துப்புனாளோ, அவதானுங்க.