தாண்டாத சூடு

இல்லண்ணே, ஏசியைச் சரி பண்ணிட்டீங்க, சந்தோஷம், ஆனா இப்ப போட்டுப் பாக்காதீங்க. குளுந்த காத்து பட்டா காலையிலேருந்து அளந்ததெல்லாம் வீணாப் போயிரும். அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காருங்க.

கண்ணாடிக்குள்ளயா? சிப்பு. வலிப்பு வர்றவங்க மண்டைக்குள்ள வைக்கறது. வலிப்பு வரப்போகுதுன்னா முன்னாடியே மோப்பம் பிடிச்சு அடக்கிரும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல. அது ஓடறப்ப வர்ற சூடு ஒழுங்கா வெளிய போகுதான்னு பாக்கறது என் வேலை.

ஆமா, கரண்டியில சூடு கைப்பிடி வரைக்கும் ஏறும், வாஸ்தவம். எங்க டைரக்டரும் அந்தக் கணக்கைத்தான் போட்டு வச்சிருக்கார். கரண்டிக்கு அது சரி. இந்தச் சிப்புல அடுக்கியிருக்கற ஒவ்வொரு படலமும், ஒரு தலைமுடியை ஆயிரமா வகுந்தா எவ்வளவோ அவ்வளவு மெல்லிசு. சூடுன்னா என்ன, உள்ள அணுவெல்லாம் அதிருது, அந்த அதிர்வு அலையா ஓடுது. இத்தனை மெல்லிசுல அதுக்கு ஓட ஏதுண்ணே இடம்? ஓரத்துல முட்டி முட்டித் திரும்புது. ரெண்டு படலம் ஒட்டற இடம் இன்னும் மோசம். இது ஒரு தாளத்துல அதிருது, அது வேற தாளத்துல. சூடு தாண்ட மாட்டேங்குது. மேல இருக்கற உலோகத்துக்குப் போய்ப் பரவ வேண்டியது, ஒரே புள்ளியில குமிஞ்சு கிடக்கு. அந்தப் புள்ளிதான் மூளையைத் தொடற இடம்.

சொல்லாம இருப்பேனா? மெஷின் தப்புன்னாங்க, வேற மெஷின்ல வச்சேன். கை தப்புன்னாங்க, வேற ஆளை விட்டு அளக்கச் சொன்னேன். அதேதான் வருது. இப்ப மறுபடியும் அளன்னு உக்கார வச்சிருக்காங்க. நான் அளந்தது தப்பா இருக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? இது தப்புன்னு தெரிஞ்சா இங்கேயே குதிப்பேன்.

இதை யாருக்கும் வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். படலத்தையே மாத்திச் செய்யணும். அதுக்கு வருஷக் கணக்கா ஆகும்.

ஆபீஸ்ல திட்டறதெல்லாம் பழகிருச்சுண்ணே, அது பரவாயில்ல. என் தம்பிதான் என்கிட்ட பேசறதில்ல. போன வாரம் படியில விழுந்து முன்பல்லு போயிருச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா வந்திருக்கேன்டான்னு சொல்றேன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

சின்ன வயசுலேருந்தே வலிப்பு. இந்தச் சிப்பை முதல்ல வைக்கறதா இருந்தது அவனுக்குத்தான்.