முர்சல் பிடியும் ஒரு பட்டு முக்காடும்

பனி உருகிப் பாதை திறந்த இந்த நவ்ரூஸ் புத்தாண்டு நன்னாளில், பாதி நாற்காலியிலும் பாதி உறக்கத்திலும் வீற்றிருக்கும் விழாத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர் பெஹ்லுல் அவர்களே! ஐந்து மாதத்தில் முடிப்பதாகச் சொல்லி, ஐந்து ஆண்டில் முடித்தாலும், முடித்தே காட்டிய கட்டடக் குழுப் பெரியவர்களே! பயில்வான்களைப் பெற்றதோடு நில்லாமல், அந்தப் பள்ளத்தாக்கு போன்ற வயிறுகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்ட மகத்தான தாய்மார்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் மேல்தெருவே! இடப்பக்கம் இருந்து அவர்களை முறைத்துக்கொண்டிருக்கும் கீழ்த்தெருவே! சுர்னாக் குழலையும் நகரா முரசையும் மடியில் வைத்துக்கொண்டு, இவள் எப்போது இறங்குவாள் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் இசைக் கலைஞர்களே! மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் கணவர் தப்திக் அவர்களே! குமுஷ்புலாக் ஊரின் ஒரே தையற்காரி, சனுபரின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்!

என்னை ஏன் மேடையேற்றினார்கள்? நான் கவிஞரா? இல்லை. கல்விமானா? அதுவும் இல்லை. பின்னே ஏன்? அதோ வாசலுக்கு மேலே, வெள்ளைத் துணி போர்த்திய பெயர்ப்பலகை இருக்கிறதே, அதற்காக! இந்தப் புதிய பயில்வான் கூடத்துக்கு, இந்த ஊரில் தோல்வியே காணாத பயில்வானின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் தோல்வியே காணாதவர்கள் இங்கே இரண்டு பேர். மேல்தெரு முர்சல் அண்ணன், கீழ்த்தெரு தப்திக். இருவரும் ஒரே ஒருமுறை மோதினார்கள். அந்த மோதல் முடியவில்லை. அதை முடியவிடாமல் நிறுத்தியவள் இதோ உங்கள் முன் நிற்கிறேன்.

யாரங்கே, மேல்தெருவில் விசில் அடிப்பது? அடியுங்கள், அடியுங்கள். இன்னும் அரை மணி நேரத்தில் எந்தப் பக்கம் விசில் வரும் என்று பார்ப்போம்.

அன்பு நெஞ்சங்களே! நம் மக்களின் கையில் கிடைத்த பொருள்களில் விளையாட்டாகாமல் தப்பியது எது? குதிரை கிடைத்தது. ஏறிச் சும்மா ஊர் போய்ச் சேர்ந்தோமா? வளைகோலைக் கையில் எடுத்தோம், பந்தை விரட்டினோம், சவ்கான் என்று பெயர் வைத்தோம்! தலைக்குத் தொப்பி கிடைத்தது. போட்டவன் தலையில் அதை இருக்க விட்டோமா? பாயும் குதிரையில் போய்ப் பறித்தோம்! இடுப்புக்கு வார் கிடைத்தது. கட்டிக்கொண்டு அடங்கினோமா? வட்டம் கீறி நடுவில் வைத்தோம். எடுக்க வந்தவன் காலில் அதே வாரால் விளாசினோம். அழுதால், விளையாட்டுக்குத்தானே என்றோம்! முட்டை கிடைத்தது. வேகவைத்து, சாயம் பூசி, தின்றோமா? முட்டையோடு முட்டையை மோதவிட்டு, தோற்றவன் முட்டையையும் சேர்த்துத் தின்றோம்! கயிறு கிடைத்தது. மாட்டைக் கட்டினோமா? இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, ஆளை ஏற்றி நடக்கவிட்டு, கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்தோம்!

ஆட்சிகள் வந்தன, ஆட்சிகள் போயின. எழுத்தை மாற்றினார்கள், எல்லையை மாற்றினார்கள், தெருப்பெயரை மாற்றினார்கள். அடுத்தவன் தொப்பியைப் பறிக்கும் நம் ஆசையை எவராவது மாற்ற முடிந்ததா?

இவை எல்லாவற்றுக்கும் மகுடமாக நிற்பது மல்யுத்தம். நம் குலேஷ்! பழைய நாளில் பாக்கூவின் கல்கட்டடக் கூடங்களில், கனத்த கரளாக்கட்டையைச் சுழற்றிச் சுழற்றித் தோள் வளர்த்தார்கள் பயில்வான்கள். கைகுலுக்காமல் ஒருவன் மோதமாட்டான். சுர்னா முழங்காமல் ஒருவன் காலடி எடுத்துவைக்கமாட்டான். சுர்னா இல்லாமல் ஒருவன் இன்னொருவனைக் கீழே தள்ளினால் அது சண்டை. சுர்னா ஊதித் தள்ளினால் அது பண்பாடு!

ஆனால் சண்டைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்து, நம்மிடம் ஒரு சட்டம் உண்டு. மோதும் இருவருக்கு நடுவே ஒரு பெண் தன் தலையின் பட்டு முக்காட்டை எடுத்து எறிந்தால், ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க வேண்டும். கேள்வி கிடையாது, மறுபேச்சு கிடையாது. இந்தச் சட்டம் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் மீறிய ஆளை நான் பார்த்ததில்லை.

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் இதே நவ்ரூஸ் நாள். ஊற்றுக்குப் பக்கத்துக் களத்தில் எழுநூறு பேர். ஷெக்கி நகரிலிருந்து பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்திருந்தார். நடுவே முர்சல், தப்திக். கால் மணி நேரம் பின்னிப் பிணைந்தார்கள். சுர்னாக்காரரின் கன்னம் உப்பி உப்பிச் சிவந்தது. திடீரென்று தப்திக் குனிந்தார், கவ்வினார், முர்சலை மண்ணிலிருந்து தூக்கினார்! முர்சலின் இரண்டு கால்களும் காற்றில்! எழுநூறு வாய்களும் திறந்திருந்தன. அந்த நொடியில்தான் என் முக்காடு பறந்துபோய் அவர்கள் காலடியில் விழுந்தது.

அன்றிலிருந்து இந்த ஊரில் கதை இரண்டு. கீழ்த்தெரு சொல்வது என்ன? "இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி, எங்க ஆளு தூக்கி அடிச்சிருப்பான், அந்தப் பொண்ணு வந்து கெடுத்துட்டா!" மேல்தெரு சொல்வது என்ன? "தூக்கவிட்டதே முர்சலோட தந்திரம்யா. அடுத்த நொடி தப்திக் குப்புற விழுந்திருப்பான். அது தெரிஞ்சுதான் அவ எறிஞ்சா!" இதற்குச் சாட்சி, பத்திரிகையில் வந்த புகைப்படம். அதில் முர்சல் அண்ணனின் வலது கை, தப்திக்கின் முதுகைச் சுற்றிப் போய்ப் பின்னால் மறைந்திருக்கும். அந்தக் கை அங்கே என்ன செய்தது? நம் பயிற்சியாளர் எல்டனிஸ் அதை ஆராய்ந்தார். அதற்கு முர்சல் பிடி என்று பெயரிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்: "பாத்துக்கடா, இதுல மாட்டுனா எவனும் தப்ப முடியாது!" இதுவரை அந்தப் பிடியால் ஒருவரும் ஜெயித்ததில்லை. முர்சல் அண்ணனிடமே கேட்டால், "அது வேற விஷயம்ப்பா" என்று தேநீர்க் கடைக்குள் நுழைந்துவிடுவார்.

ஊர்க்கதை இருக்கட்டும். என் வீட்டுக்கதை கேட்பீர்களா? சூப்பில் உப்புக் குறைந்தால் தப்திக் சொல்வார், "அன்னிக்கே நீ என்னை நம்பலை." மழையில் கூரை ஒழுகினால், "நம்பாதவ வீட்டுல வேற என்ன நடக்கும்?" இன்று காலைகூட, அதோ அவர் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "சனுபரு, மேடையில நீ என்ன வேணா பேசு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. நான் தோத்துருவேன்னு நெனச்சுத்தானே எறிஞ்ச?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

ஆகவே சொல்லப்போகிறேன். தாய்மார்களே, என் தொழிலை மன்னியுங்கள். தப்திக், என்னை மன்னியுங்கள்.

அன்று அவர் போட்டிருந்த மல்யுத்தக் கால்சட்டையைத் தைத்தவள் நான். அளவெடுத்தது ஜனவரியில். மோதியது மார்ச்சில். இடையில் என்ன நடந்தது? பயிற்சி நடந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பக்லவா நடந்தது! ஷெகர்பூரா நடந்தது! அந்த இனிப்புகளோடு, அவருடைய அத்தைகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு தட்டு அல்வா கொண்டுவந்தார்கள்! போதாததற்கு, அந்த ஆண்டுகளில் நல்ல நூல் கிடைக்காது. பழைய திரைச்சீலையைப் பிரித்து எடுத்த நூலில்தான் தைத்தேன்.

நான் உட்கார்ந்திருந்தது அவருடைய முதுகுப் பக்கம், பெண்கள் கூட்டத்தின் முதல் வரிசை. அவர் குனிந்தார். பட்! ஒரு தையல் போனது. கவ்வினார். பட்! பட்! தூக்கினார். பட், பட், பட்! எண்ணினேன், ஐயா! எட்டுத் தையல்! என் கையால் போட்ட எட்டுத் தையல் என் கண் முன்னால்! புகைப்படக்காரரோ கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார். கத்தலாமா? கத்தினால் எழுநூறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணை மூடலாமா? என் கண்ணைத்தானே மூட முடியும்! என் தலையில் முக்காடு இருந்தது. எறிந்தேன்.

இருவரும் நின்றார்கள். நான் களத்துக்குள் நடந்துபோய், முக்காட்டை எடுத்து, உதறி, தப்திக்கின் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள்! "காதல்டா, காதல்!" என்று கூவினீர்கள். என் அப்பா அன்று மாலையே கல்யாண நாள் குறித்தார். எழுநூறு பேர் பார்த்த பிறகு வேறு வழி? காதல் பொய்யா என்றால், பொய்யில்லை. அளவெடுத்த அன்றே எனக்கு அவர்மேல் ஆசை. அளவு தப்பியதற்கும் அதுதான் காரணமோ என்னவோ. நாடா இடுப்பில் இருந்தது, என் கண் முகத்தில் இருந்தது.

சிரித்து முடியுங்கள், பொறுக்கிறேன்.

தப்திக்! ஊர் முன்னிலையில் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் தோற்றுவிடுவீர்கள் என்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. ஜெயித்துவிடுவீர்கள் என்றுதான் பயந்தேன்! இன்னும் ஒரு சாண் தூக்கியிருந்தால் வெற்றி உங்களுடையது. அதே ஒரு சாணில் கால்சட்டை ஊருடையது!

இதை ஏன் அன்றே சொல்லவில்லை? "சனுபர் தச்சது பிரிஞ்சு போச்சு" என்று ஒரு சொல் வந்தால் என் கடைக்கு யார் வருவார்? என் ஊசியின் பெயரைக் காப்பாற்ற, உங்கள் மனதை முப்பத்தோரு ஆண்டுகள் நோகவிட்டேன். தப்பு என்னுடையது. இன்று அதைச் சொல்லிவிட்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது.

பொறுங்கள் கீழ்த்தெருவே, தொப்பியை மேலே எறியாதீர்கள்! இன்னொன்றும் இருக்கிறது. மேல்தெருப் பெரியவரே, முர்சல் அண்ணே! உங்களுக்கு நான் ஏன் இத்தனை ஆண்டுகளாக ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுக்கவில்லை? ஒரு கால்சட்டைக்காக உங்களை ஏன் ஷெக்கிவரை பேருந்தில் அலையவிட்டேன்? புகைப்படத்தில் தெரியாத அந்தக் கையை நான் பார்த்தேன். அது இருந்த இடம் முதுகு அல்ல, தையல்! மானமுள்ள பயில்வான் எதிராளியின் கால்சட்டையைப் பிடித்துக் கிழிப்பானா? இதை நான்...

என்ன, எழுந்து நிற்கிறீர்கள்? பேசுங்கள் அண்ணே, பேசுங்கள். ஒலிவாங்கி வேண்டாமா? சரி. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்கிறேன்.

"எட்டு இல்ல தங்கச்சி, பத்து. எட்டு நீ பாத்தது. மத்த ரெண்டும் என் விரலுக்கு அடியில இருந்துச்சு."

என்ன சொல்கிறீர்கள்?

"காத்துல தொங்கிக்கிட்டு இருந்தேன். பின்னால இடுப்பைப் பிடிக்கப் போனா, கையில துணி பிரியுது. அந்தக் கையால அவன் கழுத்தை மடக்கியிருக்கலாம். ஆனா விட்டா அவன் மானம் போயிருமே. கிழிக்கல, தங்கச்சி. ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டேன்."

பெரியோர்களே... கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள்! தேநீர்க் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த மனிதர் ஊர் வாயை அடைத்திருக்கலாம். சொன்னாரா? தப்திக்கைப் பழித்து ஊரைச் சிரிக்கவைத்திருக்கலாம். வைத்தாரா? பொத்தான் தைக்காத என்னைப் பார்த்து, ஏனம்மா என்று கேட்டிருக்கலாம். கேட்டாரா? எதிராளியைக் கீழே தள்ளும் பிடிகள் ஆயிரம் உண்டு. தான் தோற்றுக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் மானத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பிடி எங்கே உண்டு? எந்தக் கூடத்தில் உண்டு? இதோ இந்த ஊரில் உண்டு! எல்டனிஸ் தம்பி, முகத்தை மூடாதீர்கள். முர்சல் பிடியைத் தொடர்ந்து சொல்லிக் கொடுங்கள். விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அண்ணே, நாளைக்கே கடைக்கு வாருங்கள். உங்கள் ஆயுள் முழுதும் உங்கள் உடுப்பு என் பொறுப்பு.

என்ன சத்தம் அங்கே? மேல்தெரு என்ன கூவுகிறது? "ஜெயிச்சது தப்திக்! பலகையில அவன் பேரை எழுது!" கீழ்த்தெரு? "போங்கய்யா, ஜெயிச்சது உங்க முர்சல்!" அடடா! முப்பத்தோரு ஆண்டுகள் ஜெயித்தது நாங்கள் என்று சண்டை. இன்று ஜெயித்தது நீங்கள் என்று சண்டையா? நடத்துங்கள்! இதைவிட நல்ல சண்டை இந்த ஊருக்கு வாய்க்காது. நீங்கள் முடிக்கும்வரை பலகையில் துணி இருக்கட்டும்.

தப்திக், எழுந்து எங்கே போகிறீர்கள்? முர்சல் அண்ணனிடமா? போங்கள். கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். அழாதீர்கள், நானும் அழுதுவிடுவேன். என்ன கேட்கிறீர்கள்? "ஏண்டி, இன்னிக்குப் போட்டிருக்கற கால்சட்டையும் நீ தச்சதுதானே?" ஆமாம், நான் தைத்ததுதான். நல்ல நூல்தான். ஏன் கேட்கிறீர்கள்? வேண்டாம்! தூக்காதீர்கள்! அறுபது வயது ஆகிறது! நேற்று நீங்கள் தின்ற பக்லவாவை நான் அளவெடுக்கவில்லை! ஐயோ, அண்ணனின் கால் மண்ணை விட்டுவிட்டது!

இதோ, முக்காட்டை எறிந்துவிட்டேன்!

நின்றுவிட்டார்கள். சட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. அவையோரே, செவி கொடுத்த உங்களுக்கும், சிரித்துச் சிரித்து விழித்துக்கொண்ட தலைவருக்கும், காத்திருந்த கலைஞர்களுக்கும் என் நன்றி. இந்த நவ்ரூஸ் உங்கள் வீடுகளை நிறைக்கட்டும். ஊதுங்கள் சுர்னாவை! போவதற்கு முன், முர்சல் அண்ணனின் வலது கை இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் எல்லோரும் ஒருமுறை பாருங்கள்!