இரண்டு காலேஜுக்கு ஒரே சத்தியம்

மிஸஸ் ப்ரூயிட்: ஐயோ, என் பொண்ணு இல்ல சார்! பக்கத்து வீட்டுப் பொண்ணு. சும்மா கேட்டு வைக்கலாம்னு...

மிஸ்டர் திபோ: சும்மா கேக்கவா இந்தப் பனியில ஸ்கூல் வரைக்கும் வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?

மிஸஸ் ப்ரூயிட்: நீங்கதானே இங்க காலேஜ் ஆலோசகர்... அந்தப் பொண்ணு எல்லாருக்கும் முன்னாடியே, நவம்பர்லயே, ரெண்டு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டா. பரவாயில்லையா?

மிஸ்டர் திபோ: தாராளமா.

மிஸஸ் ப்ரூயிட்: அப்பாடா!

மிஸ்டர் திபோ: பொறுங்க. சத்தியம் இல்லாத வகைன்னா. ‘இடம் குடுத்தா கண்டிப்பா வருவேன்’னு கையெழுத்துப் போடுற வகைன்னா ஒண்ணே ஒண்ணுதான்.

மிஸஸ் ப்ரூயிட்: ...ரெண்டுமே அந்த வகை.

மிஸ்டர் திபோ: அடடா.

மிஸஸ் ப்ரூயிட்: என்ன அடடா? என்ன ஆகும்?

மிஸ்டர் திபோ: முன்னாடி ஒரு பையன் இப்படித்தான் பண்ணினான். ரெண்டு காலேஜும் இடம் குடுத்து, ஒரே நாள்ல பேண்டு வாத்தியத்தோட அவன் வீட்டுக்கு வந்துட்டாங்க. வாசல்ல கைகலப்பு. ஒருத்தர் தலை டிரம்முக்குள்ள மாட்டிக்கிச்சு.

மிஸஸ் ப்ரூயிட்: சார்!

மிஸ்டர் திபோ: அவங்க நாய் இன்னும் தாளத்தோடதான் குரைக்குது.

மிஸஸ் ப்ரூயிட்: விளையாடாதீங்க. நிஜமா என்ன ஆகும்?

மிஸ்டர் திபோ: தெரிஞ்சா ரெண்டு காலேஜும் கையை விரிச்சிரும். ரெண்டும் போயிரும்.

மிஸஸ் ப்ரூயிட்: கடவுளே... அவ மேல தப்பில்ல சார். அப்பா தான் படிச்ச காலேஜ் தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டா. அம்மா தான் படிச்சதை நீட்டினா, அதுலயும் போட்டா. யார் மனசும் நோகக் கூடாதாம்.

மிஸ்டர் திபோ: அப்பாவும் அம்மாவும் பேசிக்கிறதே இல்லையா?

மிஸஸ் ப்ரூயிட்: ஆளுக்கு ஆள் மறைச்சுட்டோம்... மறைச்சுட்டாங்க! நேத்து சாப்பாட்டு மேசையில அவர் தன் காலேஜ் ஸ்வெட்டரை ஆசையா அவளுக்கு மாட்டிவிட்டார். உள்ளே ஏற்கெனவே என்னோட... அவங்க அம்மா வாங்கின ஸ்வெட்டர்.

மிஸ்டர் திபோ: பக்கத்து வீட்டு மேசை இங்கிருந்தே நல்லா தெரியுது போல.

மிஸஸ் ப்ரூயிட்: ...சரி. என் பொண்ணுதான். கொரின். போதுமா?

மிஸ்டர் திபோ: போதும். இன்னும் முடிவு வரல. இன்னிக்கே ஒண்ணைத் திரும்ப வாங்கிட்டா தப்பிச்சிடலாம். எதை?

மிஸஸ் ப்ரூயிட்: என் காலேஜ்தான் வீட்டுக்குப் பக்கம். தினமும் சாப்பிட வந்திடலாம்...

மிஸ்டர் திபோ: அவளுக்கு எது பிடிக்கும்?

மிஸஸ் ப்ரூயிட்: அவளுக்கா? அது வந்து...

மிஸ்டர் திபோ: கேட்டதே இல்ல.

மிஸஸ் ப்ரூயிட்: ஒரு நிமிஷம். ஹலோ, கொரின்? அம்மாதான்... திட்டல, நிஜமா. எந்தக் காலேஜ்டி உனக்கு வேணும்?... ஓ... ஏன்?... ஓஹோ. சரிடா கண்ணு.

மிஸ்டர் திபோ: என்ன சொன்னா?

மிஸஸ் ப்ரூயிட்: அவங்க அப்பாவோடதாம். தினமும் சாப்பிட வர முடியாத தூரம்கிறதாலதானாம்.

மிஸ்டர் திபோ: கெட்டிக்காரப் பொண்ணு.

மிஸஸ் ப்ரூயிட்: சிரிக்காதீங்க. எழுதுங்க, என்னோடதைத் திரும்ப வாங்கிடலாம்... ஒரு நிமிஷம் சார். அந்தத் தாள்ல மூணு கையெழுத்து வேணுமே. பொண்ணு, பெத்தவங்கள்ல ஒருத்தர்... மூணாவது நீங்கதானே போட்டீங்க?

மிஸ்டர் திபோ: ஸ்கூல் ஆலோசகர்தான் போடணும்.

மிஸஸ் ப்ரூயிட்: அப்போ ரெண்டு தாள்லயும்...

மிஸ்டர் திபோ: பக்கத்து ஊர்ல ஒரு ஆலோசகர் இருக்கார். கவனமில்லாத ஆளு.

மிஸஸ் ப்ரூயிட்: மிஸ்டர் திபோ!

மிஸ்டர் திபோ: உங்க வீட்டுக்காரர் மேப்பிள் மரத்துப் பாகு கொண்டு வந்து ஒரு தாளை நீட்டினார். மறுநாள் நீங்க சூடா ‘ஆப்பிள் பை’ பலகாரம் கொண்டு வந்து இன்னொண்ணை நீட்டினீங்க. அந்தப் பாகை இந்தப் பலகாரத்து மேல ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டே கையெழுத்துப் போடுறவன், தாள்ல இருக்கிற பேரையெல்லாமா படிச்சிட்டு இருப்பான், மிஸஸ் ப்ரூயிட்?