ஏலக்காய் டப்பா

இரும்பு கீழே விழும் சத்தத்துக்கு எங்கள் ஜிம்மில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை சார். பழகிப்போய்விடும். அன்று சாயங்காலம் தட்டுகள் டமாரென்று விழுந்தபோதும் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மெத்தென்று இன்னொரு சத்தம் வந்தது. அதற்குத்தான் நிமிர்ந்தேன். சாய்பிரசாத் ரப்பர் விரிப்பில் குப்புறக் கிடந்தான்.

யாரும் புகார் கொடுக்காத விஷயத்துக்கு நீயாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்லி முடித்தால் அதற்கும் பதில் வந்துவிடும்.

அவனியாபுரத்தில், ஒர்க்ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கிறது என் ஜிம். முத்திருளன் மாஸ்டர் என்றால் தெரியும். சாய்பிரசாத்தை அவன் அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார். சூடாமணி அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம்; வீட்டுக்காரர் புடவை வியாபாரத்துக்காகப் பாதி நாள் வெளியூர். பையன் பதினோராம் வகுப்பு. நல்ல சிவப்பு, நல்ல குண்டு.

"தம்பி, இவன் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான். ஸ்கூல்ல தக்காளி தக்காளின்னு கூப்புடுறாய்ங்களாம். கொஞ்சம் குறைச்சு விடுங்க."

"அம்மா, அத ஏன் இங்க சொல்ற?" என்றான் அவன். பக்கத்தில் நின்ற பயல்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். கேலிக்குப் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் முந்திக்கொண்டு சிரிக்கும்.

நான் அவனுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து ஆரம்பிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் கம்பியைத்தான் கையில் கொடுத்தேன். முதுகு வளையாமல் உட்கார்ந்து எழு, மூச்சை அடக்காதே, அடுத்தவன் எத்தனை கிலோ தூக்குகிறான் என்று பார்க்காதே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வா என்றேன். வளருகிற உடம்பு, பட்டினி போடாதே என்றேன். பருப்பு, தயிர், சுண்டல், வேர்க்கடலை இருந்தாலே போதும். பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் குறை. எட்டு மணி நேரம் தூங்கு. இதை இன்றைக்கும் எந்த டாக்டர் முன்னாலும் சொல்வேன். அவனுக்கு இது மட்டுமே போதுமாக இருந்தது. உடம்பு குறைய ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த கையோடு பைபாஸ் ரோட்டில் ஏசி ஜிம் ஒன்று திறந்தார்கள். என் பயல்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். போனவன் எவனும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் பிளக்ஸ் யோசனை வந்தது. முன்பு, பின்பு என்று இரண்டு படம். ஒரு பக்கம் தக்காளி, மறுபக்கம் கட்டுடம்பு. கீழே என் பெயர். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ரோட்டில் நிற்கும். அதற்குள் கட்டிவிட வேண்டும். யாரைப் போடலாம் என்று கண்ணாடியைப் பார்த்தபோது, அதற்குள் சாய்பிரசாத் நின்று வயிற்றை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் சொன்னேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"நெசமாவாண்ணே? நம்ம பஸ் ஸ்டாப்லயா?"

"பஸ் ஸ்டாப்லதான் மாப்ள. ஒங்க ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான வருது?"

முட்டை அப்போதுதான் ஆரம்பித்தது. அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அம்மா சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். ஜிம்முக்குப் பின்னால் ஒரு கரண்ட் அடுப்பில் நானே அவித்துக் கொடுத்தேன். முதல் முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினான். வாயில் வாசம் அடிக்கக் கூடாதே என்று மேஜையில் ஏலக்காய் டப்பா ஒன்று வாங்கி வைத்தேன். தினமும் போகும்போது ரெண்டு மென்றுகொண்டே படியிறங்குவான்.

"இங்க நடக்குறது இங்கயே இருக்கணும் மாப்ள," என்பேன்.

"சத்தியமா சொல்ல மாட்டேண்ணே."

முட்டை நல்ல சாப்பாடு சார். அவனுக்கு அது தேவைப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் எனக்குத் தேவைப்பட்டது. அது இன்று புரிகிறது. அன்று அதை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி வந்தும் வயிறு கரையவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவன் மஞ்சள் கேப்சூல் கொடுத்தான். டப்பாவில் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. உள்ளே என்ன என்று கேட்டேன். கொழுப்பை எரிக்கும் என்றான். நான் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு நாற்பது வயதாகிறது, இதயம் என்று ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. அவன் சின்னப் பையன், தாங்குவான் என்று நினைத்தேன். அவனாகப் போட்டால் அதிகமாகப் போட்டுவிடுவான் என்று என் கையாலேயே கொடுத்தேன். அதைக்கூட அக்கறை என்றுதான் நினைத்தேன்.

கேப்சூல் வேலை செய்தது. முகம் வற்றியது, தாடை தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்துக் கொட்டினான். பனியன் மஞ்சளாகியது.

"அண்ணே, ஃபேனுக்கு அடியில இருந்தாலும் ஒடம்பு எரியுதுண்ணே. ராத்திரி தூக்கமே இல்ல."

"உள்ள கொழுப்பு எரியுது மாப்ள. வெளிய குளிருமா?"

அதற்கும் சிரித்தான்.

படம் எடுத்தோம். பிளக்ஸ் கட்டினோம். அழகர் ஆற்றில் இறங்கப் போகிற வாரம், பஸ் ஸ்டாப்பில் அவன் படம் ஆளுயரத்துக்கு நின்றது. தக்காளி என்று கூப்பிட்ட பயல்கள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். மூன்று பேர் புதிதாகச் சேரவும் செய்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "திருவிழா முடியற வரைக்கும் இப்படியே இருக்கணும் மாப்ள" என்றேன். கேப்சூலை இரண்டாக்கினேன்.

நாலாம் நாள்தான் விழுந்தான்.

நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். மடியில் அடுப்பை வைத்திருந்தது போல இருந்தது. வழியெல்லாம் அவன் தலையில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அக்காவும் வந்துவிட்டார். டெங்குவாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர், கெட்டிக்காரர். பையனின் பனியனைப் பார்த்தார், என் டீ சர்ட்டில் இருந்த ஜிம் பெயரைப் பார்த்தார். குனிந்து அவனிடம் கேட்டார்.

"தம்பி, ஜிம்முக்குப் போறேல்ல? பவுடர், மாத்திரைன்னு எதாச்சும் எடுத்தியா? பயப்படாம சொல்லு."

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

நான் வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தேன். இப்படி. நீங்களே பாருங்கள், அசைத்ததாகக்கூடத் தெரியாது.

"இல்ல சார். ஒண்ணும் எடுக்கல," என்றான்.

டாக்டர் போனதும் அவன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. நாலைந்து வார்த்தைதான் இருக்கும். அக்காவின் முகம் மாறிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை.

விடியும்போது அவன் போய்விட்டான்.

காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள். தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். தூக்கியதும் எத்தனை கிலோ குறைந்திருப்பான் என்று மனம் கணக்குப் போட்டது. தொழில் பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை.

அவன் கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்தார்கள். நான் அடித்த அதே கடையில்தான். கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு படத்தில் அவர்கள் எடுத்தது 'பின்பு' படம். பஸ் ஸ்டாப்பில் இந்தப் பக்கம் என் பெயரோடு ஒருவன், எதிர்ப் பக்கம் மாலையோடு அதே ஒருவன். ஒரே சிரிப்பு. என்னுடையதை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் ஏன் அவிழ்த்தாய் என்று கேட்பார்களே.

கேப்சூலைச் சாக்கடையில் கொட்டினேன். அவன் உடலையும் எரித்தாகிவிட்டது, ரத்தச் சோதனையும் முடிந்துவிட்டது. இனி அந்த நாலைந்து வார்த்தை மட்டும்தான் பாக்கி. அதை வைத்துக்கொண்டு அக்கா எப்போது வருவார் என்று தினமும் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்தார். காலைக் கூட்டம் கலைந்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தார். நேராகப் பின்பக்கம் போய் அடுப்பையும் பாத்திரத்தையும் பார்த்தார். மேஜையில் இருந்த ஏலக்காய் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இந்த வாசந்தான் தம்பி. தெனமும் இந்த வாசத்தோடதான் வீட்டுக்கு வருவான். நான் சந்தோசப்பட்டேன், புள்ள சிகரெட் கிகரெட் குடிக்காம ஏலக்கா மெல்லுதேன்னு."

டப்பாவை மூடி வைத்தார்.

"ஆசுபத்திரியில எங்கிட்ட ஒண்ணு சொன்னான். ஒங்களுக்குப் புரிஞ்சிருக்காது. 'அம்மா, நான் முட்ட தின்னுட்டேன், சாமி கோவிச்சுக்குமா'ன்னு கேட்டான். நான் பதில் சொல்லல தம்பி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவன் கண்ணத் தொறக்கல."

அவ்வளவுதான் சார் அந்த நாலைந்து வார்த்தை. கேப்சூலைப் பற்றி அவன் மூச்சுகூட விடவில்லை. எனக்குக் கொடுத்த சத்தியத்தில் பாதியை மட்டும் உடைத்திருந்தான். அதுவும் குற்றமே இல்லாத பாதியை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் சாப்பிடுவதில்லை என்றும், அவனைச் சபித்தவளாக இருந்துவிட்டேன் என்று புலம்புகிறார் என்றும் ஒர்க்ஷாப்பில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"நீங்க நாலும் தெரிஞ்சவுக தம்பி. மறைக்காம சொல்லுங்க. முட்ட தின்னதுனாலயா எம்புள்ள போனான்?"

நான் வந்தது இதற்காகத்தான் சார். கேப்சூலுக்கு நீங்கள் ஏதாவது ஒரு பிரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்தபோது எனக்குத் தெரியாது என்று ஒரு வக்கீல் வந்து வாதாடலாம். நேற்று எனக்கு எல்லாம் தெரியும். அவர் கை என் கையில் இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நன்றாக யோசித்து, ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"சில ஒடம்புக்கு முட்ட ஒத்துக்காதுக்கா."