பாட்டி வழித் தகுதி

எல்லோரும் சௌக்கியம்தானே? இந்த மழையில் பாதிப் பேருக்குச் சளி என்று கேள்விப்பட்டேன். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கத்த வேண்டுமில்லையா. எனக்கு வழக்கம்போலக் கால் வீக்கம்தான். வடிகிறது, ஏறுகிறது. வயதுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி.

புதுப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. மைதானத்துக்கு எதிர்ச் சந்தில் சலவைக் கடை வைத்திருக்கிறேனே, அந்தப் பாட்டி நான்தான். நம் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டைகளை வெளுத்து, தேய்த்து, எண் வாரியாக அடுக்கி அனுப்புவது என் கடை. வெளியூர் ஆட்டமென்றால் கடையின் பின்னறையில் தொலைக்காட்சி ஓடும், பாதிப் பேட்டை அங்கேதான் இருக்கும். நீங்கள் கொக்கு, கொக்கு என்று கூப்பிட்ட நெட்டைக்கால் முன்வரிசைக்காரன் என் மகள் வயிற்றுப் பேரன்.

நம் ரசிகர்களின் இந்த இணையப் பக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக அவனைப் பற்றித்தான் சண்டை. ஊக்கமருந்தை அவனே தின்றான் என்கிறார் ஒருவர். அணியின் மசாஜ்காரர் கொடுத்தார் என்கிறார் இன்னொருவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருப்பது நியாயமில்லை என்று பட்டது. நிதானமாகப் படியுங்கள்.

பின்னறையில் வாய் ஓயாத இரண்டு பேர் உண்டு. ஒருவர் பஸ் டிரைவர். அணியை விட்டுப் போகிற எவனும் அவருக்குத் துரோகிதான். இன்னொருவர் கணக்கு வாத்தியார். யாருக்கு என்ன சம்பளம், எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த விதிக்கு எந்த விலக்கு, எல்லாம் அவருக்கு நுனி நாக்கில். இரண்டு பேரும் மோதிக்கொண்டால் ஆட்டத்தைவிட அதுதான் வேடிக்கை.

ஒருநாள் நான் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப்பக்கத்து நாடு கொக்கைத் தன் தேசிய அணிக்கு எடுத்திருக்கிறது என்றார்.

"அதெப்படி சார்? இவன் இங்க பொறந்தவன்தானே?"

"அப்பா அம்மா அங்க பொறந்திருந்தா ஆடலாம். தாத்தா பாட்டி பொறந்திருந்தாலும் ஆடலாம். யாராவது ஒருத்தர் போதும்," என்றார் வாத்தியார்.

டிரைவர் மறுபடி குனிந்து படித்தார். "பாட்டி வழித் தகுதின்னு போட்டிருக்கு. அம்மாவோட அம்மா."

அறையிலிருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தேய்ப்புப் பெட்டி ஒன்பதாம் எண் மேல் நின்றுவிட்டது. நைலான் உருகுகிற நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சீக்கிரத்தில் போகாது.

"என்ன பாட்டி, இத்தனை வருஷமா எங்ககூட நின்னு அவங்களைத் திட்டிப் பாடுனீங்க. உங்க குரல்தானே பெருசாக் கேக்கும்?" டிரைவர் கேலியாகத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அங்கே பிறந்தவள்தான். சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்களைப் போன்றவர்களை லாரியில் ஏற்றி எல்லையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அம்மா வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுக்கப் போனாள். அந்த அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம்வரை எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். அதன் பிறகு அந்த ஊர்ப் பெயர் என் வாயில் வந்ததில்லை. கட்டின புருஷனிடம்கூட எல்லையோரக் கிராமம் என்றுதான் சொல்லிவைத்தேன். அந்த நாட்டுக்காரன் இந்த மைதானத்தில் ஆட வந்தால் எப்படிப் பாடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கூடச் சேர்ந்து பாடினால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரே ஒருவனிடம் சொன்னேன். பள்ளிக்கூட அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று பேரன் என் மடியில் படுத்து அழுதபோது, "நாட்டை விட்டே தூக்கினாங்கடா என்னை, நான் செத்தா போயிட்டேன்?" என்று வாய் விட்டுவிட்டேன். என் தலையில் கை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அந்தக் கையால்தான் என் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்தவனிடம் ஏன்டா என்று கேட்டேன். அவன் முகம் சுண்டவில்லை.

"இங்க என்னை எப்பப் பாட்டி எடுப்பாங்க? அங்க நேரா பதினோரு பேர்ல ஒருத்தன். தேசிய அணியில ஆடிட்டா அக்கரைக்காரங்க கையெழுத்துப் போடுறாங்க. மூணு மடங்கு சம்பளம். நீ கடையை மூடிட்டு காலை நீட்டி உக்காரலாம்."

ஆற்றுக்கு அந்தக் கரையிலிருக்கும் பணக்கார கிளப், அக்கரை அணியாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அவர்கள் சட்டையே பச்சை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"உன் கஷ்டம் பழைய கதை பாட்டி. அதால இப்ப ஒரு நல்லது நடக்கட்டுமே."

சரி சாப்பிடு என்று தட்டை வைத்தேன். வேறென்ன சொல்ல. ஜன்னலைச் சாத்தினவளுக்கும் என் பேரனுக்கும் ஒரே வித்தியாசம்தான். அவளுக்கு நான் சோறு போட்டு வளர்க்கவில்லை.

அந்த வாரம் பின்னறையில் கேட்கவா வேண்டும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று டிரைவர் குதித்தார். வேறு டிப்போவில் இரட்டைச் சம்பளம் கொடுத்தால் நீங்கள் போகமாட்டீர்களா என்று வாத்தியார் மடக்கினார். "போவேன் சார். ஆனா நான் ஓட்டுற பஸ்ஸுக்கு எவனும் கொடி பிடிச்சுப் பாடுறதில்லையே," என்றார் டிரைவர். அப்புறம் வாத்தியார்தான் விளக்கினார், நட்பு ஆட்டம் பரவாயில்லை, கோப்பைக்கான ஆட்டங்களில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அந்த நாட்டுக்கே கட்டுப்பட்டுவிடுவான், திரும்பி வருவது கடினம் என்று. கோப்பை ஆட்டங்கள் அடுத்த மாதம்.

அதற்கு முன்னால் ஒருமுறை வேறொரு அணிக்காரன் தடைபட்டானே, ஞாபகமிருக்கிறதா? அம்மாவின் நீர் மாத்திரையை எடைக் குறைப்புக்காகப் போட்டுக்கொண்டவன். சாதாரண மாத்திரைதானே, கால் வீக்கத்துக்கு நானும் போடுகிறேனே என்று கேட்டேன். மற்ற மருந்துகளின் தடயத்தை அது கழுவிவிடும், அதனால் தடைப் பட்டியலில் இருக்கிறது என்றார் வாத்தியார். "பாட்டி, உங்க மாத்திரை டப்பாவைக் கொக்குகிட்டயிருந்து தள்ளியே வையுங்க," என்றார் டிரைவர். நல்ல யோசனைகளெல்லாம் அப்படித்தான், யாரோ விளையாட்டாகச் சொன்னதாக இருக்கும்.

காலைப் பயிற்சிக்கு முன்னால் எலுமிச்சைச் சாறு குடிப்பது அவன் சின்ன வயதுப் பழக்கம். நான்தான் பிழிவேன். சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். சோதனைக்கு எந்த நாள் கூப்பிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும். அதனால் ஒருநாளும் விடவில்லை.

அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. படியேறினால் கண் இருட்டியது. அதிகப் பயிற்சி என்று நினைத்தான். சாயங்காலம் நான் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவேன். "உன் கை பட்டாத்தான் பாட்டி சரியாகுது," என்பான். ஒருநாள் மைதானத்திலேயே மயங்கி விழுந்தான். மகள் பதறி அழுதாள். நான் அழவில்லை, வீட்டில் ஒருத்தராவது திடமாக இருக்க வேண்டுமே. மறுநாள் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

சோதனை வந்தது, முடிவும் வந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா, தவறுதலாகக் கலந்திருந்தால் தண்டனை குறையும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேரன் எழுந்து நின்றுவிட்டான்.

"எங்க பாட்டியை விசாரிக்காதீங்க சார். இந்த ஊர்ல எனக்குக் கெடுதல் நினைக்காத ஒரே ஆள் அவங்க."

இரத்தக் கொதிப்புக்கு மட்டும்தான் மாத்திரை போடுகிறேன் என்றேன். என் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத் தடை. அந்த நாடு கையை உதறிவிட்டது. அக்கரை அணி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. மசாஜ்காரரைச் சந்தேகத்தின் பேரில் வேலையை விட்டு நீக்கினார்கள். சட்டை மூட்டைகளைக் கடைக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தவர் அவர்தான். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாவம். கெட்டிக்கார மனிதர், எங்கேயாவது பிழைத்துக்கொண்டிருப்பார்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். கொக்கு எதையும் தின்னவில்லை. இனிமேல் ஊக்கமருந்துக்காரன் என்று அவனை யாரும் எழுதாதீர்கள். வளர்த்தவளுக்கு வலிக்காதா? நீங்கள் திட்டிய திட்டில் அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டான், அதனால் இதைப் படிக்கமாட்டான், நீங்களும் அவனிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அவனுக்கு இப்போது யார் மேலும் நம்பிக்கையில்லை. வெளியில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, எவன் எதைக் கலப்பானோ என்று பயம். என் கையால் கொடுத்தால் மட்டும் கண்ணை மூடிக் குடிக்கிறான். லாரியில் ஏறின நாளிலிருந்து என்னை யாரும் இப்படி நம்பினதில்லை.

தடை முடியப்போகிறது, பயிற்சிக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். நேற்று அந்த நாட்டுப் பயிற்சியாளர் மறுபடி கூப்பிட்டாராம். துள்ளிக்கொண்டு வந்து சொன்னான். சரிப்பா, உன் இஷ்டம் என்றேன்.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். நம்பின ஒருவர் உங்கள் கழுத்தை அறுத்திருப்பார். அது யார், நீங்கள் என்ன செய்தீர்கள், கீழே எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லாவற்றையும் படிப்பேன். காலையில் அவனுக்குச் சாறு பிழிந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் கடை திறக்கும்வரை எனக்கு வேறு வேலையில்லை.