எழுத்தைச் சின்னதாக்கியது யார்?

"ஹலோ! ... நான் எங்கேடா கத்தறேன் கௌசிக், உங்கப்பாதான் கத்தறார். ... என்னவா? அதே கம்ப்யூட்டர்தான். தினமும் எழுத்தைப் பெருசு பண்ணி வச்சுட்டு வாக்கிங் போறேன், திரும்பி வந்தா எழுத்து எறும்பாட்டம் ஊர்றது. இவர் செட்டிங்ஸைத் தொடவே இல்லையாம்! ... இருங்கோ, பேசிண்டிருக்கேனோல்லியோ! ... உன்னை இல்லடா, அவரை.

ஆமா... ஆமா, டிஸ்ப்ளே போனேன். ஸ்கேல் நூத்தம்பது வச்சேன். ... 'கீப் சேஞ்சஸ்' கேட்டுது, அமுக்கினேன். ரீஸ்டார்ட் பண்ணியும் அப்படியேதான் நின்னுது. ... மானிட்டர் பழசா? நான் வாக்கிங் போறது மானிட்டருக்கு எப்படிடா தெரியும்?

நீயே உள்ள வந்து பாரேன். ... ஏன் இழுக்கறே? எப்பவும் நீதானே அவ்வளவு தூரம் மில்பிடாஸ்லேர்ந்தே என் கம்ப்யூட்டருக்குள்ள வந்து சரி பண்ணுவே? ... ம், 'அலோ பண்ணவா'ன்னு கேக்கறது. அமுக்கிட்டேன்.

ஐயய்யோ! ... கௌசிக், சின்னதாயிடுத்துடா! என் கண்ணு முன்னாடியே! ... ஓ, நீ உள்ள வந்தா உன் லேப்டாப்புக்கு ஏத்த மாதிரி மாறிடுமா? ... இரு, இரு. அப்போ தினமும் உள்ள வந்தது யாரு? ... ஹேக்கரா? இதுல வரன் பார்க்கற சைட்டைத் தவிர என்ன இருக்கு? ஹேக்கர் வந்து உன் ஜாதகமா பார்த்தான்?

... இரு, வரன் சைட்டுன்னதும் ஞாபகம் வர்றது.

உனக்குப் பார்த்தோமே, பக்கத்து ஊர் எடிசன் பொண்ணு மானஸா, அவ அம்மா கோவில்ல எல்லார் முன்னாடியும், 'நீங்கதானே வேண்டாம்னு அமுக்கினேள்'னு கேட்டாடா. சைட்டுல கோளாறுன்னு சாதிச்சேன். ... நீயா? ... வந்த எல்லாரையுமா வேண்டாம்னே? ... சைட் பாஸ்வேர்டு தரலைன்னு என் கம்ப்யூட்டருக்குள்ளயே நுழைஞ்சியா? வாயைத் திறந்து சொன்னா கடிச்சா தின்னுடுவேன்?

... வேற பொண்ணா? யாரு? ... பேரைச் சொல்லு. ... ஹஃப்சா. ... ம். ... ம். ... தமிழ் பேசுவாளோன்னோ? ... அழலைடா, ஜலதோஷம்.

ஒரு நிமிஷம். இந்தப் பக்கம் ஒருத்தர் 'அலோ' அமுக்கினாத்தானே நீ உள்ள வர முடியும்? நான் வாக்கிங்ல இருந்தேன். அப்போ அமுக்கினது... ஏன்னா! எங்கே செருப்பைத் தேடறேள்? நில்லுங்கோ! ... நீ வைடா ஃபோனை. உங்கப்பாகிட்டப் பேசணும்!"

பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி பேசியதில் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது இவ்வளவுதான். எங்கள் ஊர் ஐசலினில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினால் யார்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்? அதன் பிறகு ஒரு மாதம் வாஞ்சிநாதன் மாமாவும் மாமியோடு வாக்கிங் போனார். வீட்டில் தனியாக விடக்கூடாது என்று உத்தரவாம். எடிசன் மானஸா, டெக்சாஸ் மாநிலம் இர்விங்கில் இருக்கும் டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போனாள். கௌசிக்கும் ஹஃப்சாவும் மில்பிடாஸில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அனந்தலக்ஷ்மி மாமி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று எங்கள் கடைத்தெரு ஓக் ட்ரீ ரோடு முழுக்கப் பேச்சு. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதே தெருப் புடவைக் கடையில், கூறைப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, மருமகள் மாநிறம், இந்தச் சிவப்பு எடுக்குமா என்று மாமி கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குள் வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் மில்பிடாஸுக்கே குடிபோய்விட்டார்கள்.